வீட்டுக்குள் ஒரு நாற்றம்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் கலாதேவி. பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்து, மறுகையில் துணி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வயிறு, வால், கால் இடுக்கு என்று ஓரிடம் விடாமல் தேய்த்தாள். நாய் சோப்பு போதவில்லை என்று பாத்திரச் சோப்பு. அதுவும் போதவில்லை என்று வாளியில் மூன்று மூடி டெட்டால். நாய் பாவம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடிபட்ட திருடன் மாதிரி நின்றது.

"ம்மா, மெதுவா தேய்ங்க லா. அதுக்கு வலிக்குது," என்றாள் லோஷினி. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரே மகள். கையில் துண்டோடு நின்றாள்.

"வலிக்கட்டும். வீடா இது? சாக்கடயில எலி செத்த மாதிரி நாறுது. நாலு மாடி கக்கூஸ கழுவிட்டு வந்து ஒரு வா சோறு நிம்மதியா திங்க முடியுதா எனக்கு?"

நாலு மாடி என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நான்கு மாடிக் கழிவறைகளும் அவள் பொறுப்பு. ஜனங்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கி, உள்ளே போய் என்னென்ன அசிங்கம் பண்ணிவிட்டு வருவார்கள் என்று அவளைக் கேட்டால் தெரியும். ஏழு வருஷமாகக் குளோரின் புகையைக் குடித்துக் குடித்து மூக்கு பாதி செத்துவிட்டது. அந்தப் பாதி மூக்குக்கே எட்டுகிற நாற்றம் என்றால் அது எப்பேர்ப்பட்ட நாற்றமாக இருக்க வேண்டும்!

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சரளா அக்கா எட்டிப் பார்த்தாள். சேலை முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"இன்னுமா போவல கலா? நேத்து எங்க ஹால் வரைக்கும் வந்துருச்சு. நான் எங்க வீட்டுக்காரருதான் காத்து வுட்டாருன்னு நெனச்சி சண்ட புடிச்சிட்டேன் லா."

"எங்கனதான் போய்ப் பொரளுதோ தெரியலக்கா. கழுவக் கழுவ நாறுது."

"நாய்க்கு உள்ளுக்குள்ள எதாச்சும் அழுவியிருக்கும். காது, வாயி. எங்க அண்ணன் வீட்டுல அப்படித்தான். பேசாம கொண்டுபோய் வுட்ருங்க."

லோஷினி நாயைத் துண்டால் போர்த்தி இறுகக் கட்டிக்கொண்டாள். "வுட மாட்டோம்," என்றாள் வேலியைப் பார்த்து. சரளா அக்கா சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டாள்.

அந்த நாயின் பெயர் கீச்சாப். சோயா சாஸை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சாஸ் போத்தலுக்குள் முக்கி எடுத்த மாதிரி கறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் பள்ளிக்கூடக் கால்வாயில் கிடந்ததை லோஷினி புத்தகப்பைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள். நாசமாய்ப் போனது என்னவோ ஒரு மலாய்மொழிப் பயிற்சிப் புத்தகம்தான். அன்றிலிருந்து அவள் தட்டில் பாதி நெத்திலி சம்பால் அதற்கு. அவள் பள்ளிவேன் வரும் சத்தம் கேட்டால் இரும்புக் கேட்டை முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் கொஞ்ச நாளாக அதன் போக்கே மாறியிருந்தது. வேன் வந்தாலும் எழுந்திருப்பதில்லை. கலாதேவியின் புருஷன் விக்னேஸ்வரன் எங்கே உட்கார்ந்தாலும் அவன் இடது காலுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. காலை மோந்து பார்த்தது. முனகியது. வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸுக்குள் மூக்கை விட்டு நக்கியது. அவன் உதைத்துத் தள்ளினால் நான்கடி போய்த் திரும்பி வந்தது.

"சீ, சனியன்! பூட்ஸ நக்குது பாரு, கருமம்," என்பாள் கலாதேவி.

"நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்பான் விக்னேஸ்வரன். "எங்கயோ கண்டதுல பொரண்டுட்டு வருது. நாத்தம் கொடலப் புடுங்குது."

இந்த வார்த்தையை அவன்தான் சொன்னான். வாய் கூசாமல் சொன்னான். பின்னால் கலாதேவி இதை நினைத்து நினைத்துத் துப்பியிருக்கிறாள்.

அவர்கள் இருந்தது கோப்பெங் போகும் சாலையில் ஒரு தாமான் குடியிருப்பு. முன்னே ரப்பர்க்காடாக இருந்த இடம். தோட்டத்தை விற்றபோது வேலை செய்த குடும்பங்களுக்கென்று கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீடுகள். சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக் காலண்டர் விழும். தோட்டத்தில் மிச்சம் என்று சொல்ல மாரியம்மன் கோயில் ஒன்றுதான். வருஷா வருஷம் சித்திரையில் அங்கே தீமிதி. எங்கெங்கோ போய்விட்ட தோட்டத்து ஜனம் அன்றைக்கு மட்டும் கார்களில் வந்து இறங்கும்.

விக்னேஸ்வரனுக்கு இந்தச் சித்திரை மூன்றாவது வருஷம். லோஷினிக்கு ஆறு வயதில் டெங்கிக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர்கள் முகத்தைத் தொங்கப் போட்டபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் பூ மிதிக்கிறேன் தாயே. பிள்ளை பிழைத்தது. முதல் இரண்டு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு குழியைத் தாண்டி ஓடினான். போய்ப் பால்குழிக்குள் குதித்து நின்று கண்ணீர் விட்டான்.

மூன்றாவது வருஷம்தான் அதிசயம். கோயில் வாசலில் கலாதேவி வழக்கம்போல் அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கும்பிட்டு அனுப்பினாள். கல்யாண வீட்டில் பந்திக்கு நடக்கிற மாதிரி மெதுவாக நடந்தான் மனுஷன்! கங்கு தகதகவென்று கிடக்கிறது, பக்கத்தில் நிற்கிறவன் முகம் பொசுங்குகிறது. இவன் நடுக்குழியில் நின்று அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் நடந்தான். உறுமி அடிக்கிறவன்கூட அடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தான். பெண்கள் குலவையிட்டார்கள்.

"சூடே தெரியலண்ணே," என்றான் விக்னேஸ்வரன், பால்குழியில் நின்றுகொண்டு. "சத்தியமா சொல்றேன். பாய் மேல நடந்த மாதிரி இருந்துச்சு."

"ஆத்தா ஒன்ன தூக்கிட்டுப் போயிட்டாடா!" என்று கோயில் தலைவர் தர்மா அவனைக் கட்டிக்கொண்டார். கலாதேவிக்கும் நெஞ்சு பூரித்துவிட்டது. பக்கத்தில் நின்ற சரளா அக்கா, "வெரதம் சுத்தமா இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. நடுவுல வெரதத்த முறிச்சவனுக்குத்தான் கொப்புளிக்கும்," என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

விக்னேஸ்வரனுக்கு நாலு வருஷமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருந்தது. அரசாங்க கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஞாபகம் வந்தால் போடுவான். உள்ளங்கால் மரத்துப்போயிருக்கிறது என்று ஒரு தடவை சொல்லவும் செய்தான். அத்தனை பேர் கூடியிருந்த கோயிலில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தக் காலுக்குச் சூடு தெரியாமல் போனது ஏன் என்று கேட்கவில்லை. கலாதேவியும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு மதியம், நாயைக் குளிப்பாட்டி முடித்து ஒரு மணி நேரம் இருக்கும், தர்மா வீட்டுக்கு வந்தார். லோஷினி கோயிலுக்குத் தேவார வகுப்புக்குப் போயிருந்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தர்மா கையில் பெரிய கண்ணாடிச் சட்டம். விக்னேஸ்வரன் தீக்குழி நடுவில் கும்பிட்டு நிற்கிற படம்.

"கமிட்டியில முடிவு பண்ணிட்டோம் விக்கி. அடுத்த வருசம் நீதான் முன்னால நடக்கணும். ஒன்னப் பாத்துதான் எளவட்டம் கத்துக்கணும்."

விக்னேஸ்வரன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் காலுறை. முகம் வீங்கினாற்போல் இருந்தது. கல்லுமலைக் குவாரியில் லோரி ஓட்டுகிறவன், சுண்ணாம்புத் தூசி பட்டு அலுப்பாக இருக்கிறது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "சரிண்ணே," என்றான். குரலே எழும்பவில்லை.

கலாதேவி கோப்பி கலக்கி மேரி பிஸ்கட்டோடு கொண்டுவந்து வைத்தாள். தர்மா பிஸ்கட்டை நனைத்து வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார். மரியாதைக்குக் கோப்பியை ஒரு வாய் குடித்தார். கலாதேவிக்கு மானம் போயிற்று.

அப்போதுதான் கீச்சாப் அடுப்படியிலிருந்து வந்தது. கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்து, தர்மாவின் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், தரையில் வைத்தது. கறுப்பாக, விறைப்பாக, கருவாடு மாதிரி ஒரு துணி. மஞ்சளும் பச்சையுமாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நாற்றத்துக்குத் தர்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். "ஓவ்" என்று அவர் குமட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது.

நாய் ஓடவில்லை. அந்தத் துணியை ஒரு தடவை பார்த்தது, விக்னேஸ்வரன் காலை ஒரு தடவை பார்த்தது, குரைத்தது.

கலாதேவி விளக்குமாற்றை எடுத்தாள். முதுகில், தலையில், எங்கே பட்டது என்று பார்க்காமல் சாத்தினாள். "சாக்கடையில கெடக்கிறத எல்லாம் இழுத்துட்டு வந்து நடு ஊட்டுல போடுறியா! சாமி படம் இருக்கிற எடத்துல! தூ! ஏங்க, இன்னிக்கு, இப்பவே இது போவணும். இது இருந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். ஒண்ணு நான், ஒண்ணு இது."

விக்னேஸ்வரன் குனிந்து அந்தத் துணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அந்த மனுஷன் சொல்லவில்லை. இரண்டு விரலால் துணியைத் தூக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தான். உரச்சாக்கை எடுத்தான்.

"வா கீச்சாப்," என்று கூப்பிட்டான். வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று.

மோட்டார் சைக்கிளின் முன் கூடையில் சாக்கை வைத்துக்கொண்டு தூறலில் கிளம்பிப் போனவன், முக்கால் மணியில் வெறுங்கையோடு திரும்பி வந்தான். வகுப்பு விட்டு வந்த லோஷினியிடம், "கேட்ட தொறந்து வச்சிட்டேன்மா, ஓடிருச்சு," என்றான். கலாதேவி அடுப்பில் ரசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையிடம் திரும்பவில்லை.

லோஷினி அழவில்லை. ஓடிப்போனது திரும்பி வரும் என்று நம்பியவள் எதற்கு அழுவாள்? காலித் தகரத்தில் கரண்டியால் தட்டிக்கொண்டு தாமான் முழுக்க "கீச்சாப், கீச்சாப்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். கடைக்காரச் சீனக் கிழவன், "சாஸ் வேணும்னா கடைக்கு வா லா பொண்ணு," என்று சிரித்தான். தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதி, நாயின் படத்தைக் கறுப்புப் பென்சிலால் வரைந்து, மின்கம்பங்களில் ஒட்டினாள். திங்கள் மழையில் எல்லாம் கரைந்து வழிந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதினாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. நெத்திலி சம்பாலில் பாதியை ஒதுக்கி மூடி வைத்தாள். மறுநாள் அதைக் கொட்டியது கலாதேவிதான். கொட்டும்போது தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காமல் போனாலும் ஒரு சமாதானம் இருந்தது. இனிமேல் வீடு நாறாது. அப்படித்தான் நினைத்தாள்.

நாறியது.

திங்கட்கிழமை, பழைய நாற்றம் ஒட்டியிருக்கும் என்று தரையைக் குளோரின் ஊற்றிக் கழுவினாள். செவ்வாய்க்கிழமை சோபாவைப் புரட்டிப் போட்டு எலி செத்திருக்கிறதா என்று பார்த்தாள். அலமாரியை நகர்த்தினாள். கால்வாய் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். புதன் மாலை வேலைவிட்டு வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. இதுவரை இல்லாத அளவுக்கு. இனித்துக்கொண்டு, அழுகிய பலாப்பழத்தில் மீனை ஊறப் போட்ட மாதிரி. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லோஷினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாயின் கழுத்துப் பட்டை.

"கீச்சாப் போயிருச்சு," என்றாள். "நாத்தம் போவல."

கலாதேவி அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ம்மா. அது பூட்ஸதானே மோந்துச்சு. வேற எதயும் மோக்கல. அப்பா காலத்தான் மோந்துச்சு."

விக்னேஸ்வரன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சோபாவில் படுத்திருந்தான். போர்வை கழுத்துவரை. கீழே கறுப்புக் காலுறை இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கலாதேவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் போய் இடது கால்மாட்டில் உட்கார்ந்தாள். காலுறையைப் பிடித்தாள். ஈரம். அவன் விழித்துக்கொண்டான்.

"வேணாம் கலா. வேணாம், வுடு."

இழுத்தாள். வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இழுத்தாள், தோலோடு வந்தது. உள்ளே பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றியிருந்தான். மஞ்சள் பொடி, புண்ணுக்குப் போடும் காமாட் எண்ணெய், டிஷ்யூ தாள், எல்லாம் கூழாக. அதற்கும் உள்ளே உள்ளங்கால் என்று ஒன்று இல்லை. சிவப்பும் சாம்பலுமாகப் பிளந்த சதை. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தன. கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒன்று நெளிந்தது. ஒன்றல்ல, நாலைந்து.

கலாதேவி எழுந்து ஓடிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள். ஏழு வருஷத்தில் எத்தனை கக்கூஸ், எத்தனை அசிங்கம், ஒருநாளும் அவள் வாந்தி எடுத்ததில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாமல் ஆனபிறகும் குமட்டிக்கொண்டே இருந்தது. வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து நின்றாள்.

"எத்தன நாளா?"

"தீமிதிக்கு மறுநாளே கொப்புளிச்சிருச்சு."

"மூணு வாரம்! மூணு வாரம் இத பூட்ஸுக்குள்ள வச்சிக்கிட்டு லோரி ஓட்டுனீங்களா? வலிக்கல?"

"வலிக்கலயே கலா. அதானே. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?" அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "வெரதத்துல ஒரு நா, பதினாறாவது நாளோ என்னமோ, குவாரியில மயக்கம் வர மாதிரி இருந்துச்சு. சீனன் கடையில கோழி போட்ட மீ ஒரு தட்டு சாப்ட்டேன். ஒரே ஒரு நா. ஆத்தா பாத்துட்டா. கொப்புளிச்சிருச்சு. இத யார்ட்டப் போய்ச் சொல்லுவேன்? தர்மாண்ணன் படம் குடுத்துட்டுப் போறாரு. சரளா வாய மூடுவாளா? அப்புறம் பத்துமலை. ஆஸ்பத்திரிக்குப் போனான், முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க. எனக்குப் பயம்."

பத்துமலை அவனோடு லோரி ஓட்டியவர். இப்போது மார்க்கெட் வாசலில் ஒற்றைக் காலோடு முறுக்குப் பாக்கெட் விற்கிறார்.

"அந்தத் துணி," என்றாள் கலாதேவி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நாய் இழுத்துட்டு வந்த துணி. அது ஒங்க சாக்ஸ்தானே?"

அவன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"ஒங்களுக்குத் தெரியும். நாறுறது நாய் இல்லன்னு தெரியும். நான் அதப் போட்டுத் தேய்க்கிறேன், அடிக்கிறேன், ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்களும் சேந்து அத ஏசுனீங்க. சீ! மனுசனாய்யா நீ? ஒன் கால் நாத்தத்துக்கு வாயில்லாத ஜீவன சாக்குல கட்டிக்கிட்டுப் போனியே!"

"நீதான கலா கொண்டுபோகச் சொன்ன."

அதுதான் அவளை அடித்துப் போட்டது. ஆமாம், அவள்தான் சொன்னாள். பன்னிரண்டு வருஷம் ஒரே கூரை. அவன் காலை அவள் கடைசியாகத் தொட்டது மஞ்சள் தண்ணீர் ஊற்றியபோது. அதன் பிறகு அவன் ஹாலில் படுத்தான், அவள் அறையில் படுத்தாள், சோறு போட்டாள், துணி துவைத்தாள். காலுறை குறைகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. ஊரான் கக்கூஸில் மூலைமுடுக்கெல்லாம் பார்க்கத் தெரிந்தவள். அவள் காறித் துப்ப நினைத்தது அவனை மட்டுமில்லை.

"அப்பா."

இருவரும் திரும்பினார்கள். லோஷினி கதவு நிலையில் நின்றாள். பட்டை கையில் தொங்கியது.

"கீச்சாப் ஓடிப் போவலயா?"

பிள்ளை அப்பாவின் காலைப் பார்த்தாள். கலாதேவி பயந்தாள், கத்துவாள், ஓடுவாள் என்று. லோஷினி மூக்கைக்கூடப் பொத்தவில்லை. நன்றாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அது அப்பாவ காட்டிக் குடுத்துச்சு. நீங்க அத வுட்டுட்டீங்க." திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "ரெண்டு பேரும்."

சரளா அக்காவின் வீட்டுக்காரர் விக்னேஸ்வரனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டுத்தான் போனார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் மதியம் ஆப்பரேஷன். இரண்டு விரலும் பாதத்தில் ஒரு துண்டும் போயிற்று. மிச்சம் நின்றது. டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், யாழ்ப்பாணத்துக் குடும்பம், சட்டையில் மாதுமை என்று பெயர் குத்தியிருந்தது. கோபத்தோடு பேசினாள்.

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிரார். உணர்ச்சி இல்லாத கால். நெருப்புக்குள்ள போய் நிண்டவராம்! வீட்டில ஒருத்தரும் இவற்ற காலைப் பாக்கிறேல்லையோ?"

கலாதேவி வாயைத் திறந்தாள். நாய் பார்த்தது என்று எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை லோஷினியை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோப்பெங் மார்க்கெட்டுக்குப் போனாள். பின்பக்கம் இறைச்சிக் கடைகள் இருக்கிற இடத்தில்தான் அவிழ்த்துவிட்டதாக விக்னேஸ்வரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்லியிருந்தான். தின்ன ஏதாவது கிடைக்கும் என்றுதான் அங்கே விட்டானாம். அந்த மட்டும் இரக்கம் இருந்திருக்கிறது.

தரையெல்லாம் ரத்தத் தண்ணீர். ஈ. கோழிக்குடல் வாளிகள். ஒரு நாய் இல்லை. பன்றி வெட்டுகிற சீனனிடம் லோஷினி தன் பென்சில் படத்தைக் காட்டினாள். அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே பார்த்தான்.

"கறுப்பு? இருந்துச்சு லா," என்றான் உடைந்த தமிழில். "மூணு நாளு. எலும்பு போட்டா சாப்பிடல. வர ஆளு, போற ஆளு, எல்லார் காலும் மோந்து மோந்து பாக்கும். வியாழக்கெழம நாய் புடிக்கிற லோரி வந்துச்சு. மத்தது எல்லாம் ஓடிருச்சு. இது ஓடல. அந்த ஆளு பூட்ஸ் போட்டிருந்தான். இது கிட்ட போயி பூட்ஸ மோந்துச்சு. புடிச்சிட்டான்."

"எங்க கொண்டு போவாங்க?" என்று கேட்டாள் லோஷினி.

சீனன் கலாதேவியைப் பார்த்தான். கலாதேவி சொல்லாதே என்று தலையசைத்தாள், பிள்ளைக்குத் தெரியாமல். ஆனால் பிள்ளை அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அழுதாள். ஈர சிமெண்டுத் தரையில், அந்த ரத்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதாள். கலாதேவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை நனைந்தது, நாறியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

விக்னேஸ்வரன் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆயிற்று. தர்மா வந்து பார்த்தார். மாட்டியிருந்த படத்தைத் தானே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார், சொல்லிக்கொள்ளவில்லை. சரளா அக்கா சுவர் வழியாகக் கேட்ட கோழி மீ கதையைத் தாமான் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, வெட்கமில்லாமல் கஞ்சியும் காய்ச்சிக் கொண்டுவந்தாள். கலாதேவி தினமும் வேலைவிட்டு வந்து கட்டை அவிழ்த்து, உப்புநீரில் கழுவி, மருந்து வைத்தாள். ஒவ்வொரு நாளும் குமட்டியது. குமட்டலை விழுங்கிக்கொண்டு செய்தாள். "மூஞ்சிய அப்படி வச்சிக்காத கலா," என்று அவன் ஒருநாள் சொன்னபோது, "என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். காலக் காட்டு," என்றாள். நீங்க வாங்க எல்லாம் அந்தப் புதன்கிழமையோடு போய்விட்டது.

லோஷினி மட்டும் அப்பாவிடம் பேசவில்லை. ஒரு வார்த்தைகூட. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து எதிரில் வைப்பாள், போய்விடுவாள். அவன் "லோஷி" என்று கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் மதியம், "வேற நாய்க்குட்டி வாங்கித் தரேம்மா," என்றான். பிள்ளை எழுந்து வெளியே போனதைப் பார்த்து அவன் சத்தம் போட்டு அழுதான். கலாதேவி தேற்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் பிடித்து வைத்துக்கொண்டதில் வேலை விட நேரமாயிற்று. மழை வேறு. கட்டு மாற்றுகிற நேரம் தப்பிவிட்டதே என்று பதறிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

விக்னேஸ்வரன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான். இடது கால் பிளாஸ்டிக் முக்காலி மேல். கட்டு அவிழ்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. லோஷினி தரையில் மண்டியிட்டு, பள்ளிக்கூட டார்ச் விளக்கால் உள்ளங்காலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட இடம், விரல் இல்லாத இடம், குதிகால். பார்த்து முடித்து விளக்கை அணைத்தாள். பிறகு குனிந்து, மூக்கை அந்தக் காலுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய், இழுத்து மோந்தாள். ஒரு தடவை. இடம் மாற்றி இன்னொரு தடவை.

"என்னடி பண்ற?" என்றாள் கலாதேவி.

"கீச்சாப் இல்லல்ல," என்றாள் லோஷினி. "யாராச்சும் பாக்கணும்ல."

எழுந்து கையைக் கழுவப் போனாள். அப்பாவைத் தாண்டிப் போகும்போதும் அவனைப் பார்க்கவில்லை. குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்:

"ம்மா, அவர்ட்ட சொல்லுங்க. இன்னிக்கு நாத்தம் இல்ல."